ஸ்பீக்கர் பொக்ஸ் சரியில்லை என்று சொல்ல முன்

இந்தக் கிழமையும் ஒரு சோடி வந்தது. புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. இரண்டிலும் ட்வீட்டர், அதாவது மேல்ச்சுருதி பாடும் சின்ன ஸ்பீக்கர், போய்விட்டது. கொண்டுவந்த தம்பி மேசையில் வைக்கும்போதே சொன்னார்: "அண்ணை, இந்த மேக் சரியில்லை. ஒருத்தரையும் வாங்க வேண்டாமெண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

மீற்றர் வைத்துப் பார்த்தேன். கீழ்ச்சுருதி பாடும் பெரிய ஸ்பீக்கரான வூஃபர் 6 ஓம்ஸுக்குக் கிட்டக் காட்டியது. ட்வீட்டரில் முள் அசையவே இல்லை. முன்பக்க ஆணிகளைக் கழற்றி ட்வீட்டரை வெளியே எடுத்தால், தலைமயிர் தடிப்பில் கம்பி சுற்றியிருக்கும் கொயில் கருகிக் கிடக்கிறது, வாணிஷ் எரிந்த மணம் இன்னும் போகவில்லை. கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். அக்கா வீட்டுக் குடிபூரலுக்காம், விடியத் தொடங்கி இரவு வரை. எந்த அம்ப்ளிஃபையர், அதாவது என்ன அம்ப்?

"சின்ன அம்ப்தான் அண்ணை, 30 வாட்ஸ். பொக்ஸ் 100 வாட்ஸ். 30 வாட்ஸ் எப்பிடி 100 வாட்ஸை எரிக்கும்?"

யாழ்ப்பாணத்தில் ஸ்பீக்கர் றிப்பேர் செய்யும் எவரைக் கேட்டாலும் இந்தக் கேள்வியைத் தினமும் கேட்பதாகச் சொல்வார். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எரிந்த ட்வீட்டரை மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் "அந்த மேக் கூடாது" என்று ஊரெல்லாம் போன கதையை யார் திருப்பி எடுப்பது? நல்ல ஸ்பீக்கர் ஒன்றுக்கு வீணாகக் கெட்ட பெயர் வருகிறது. அதைக் கேட்டவர்கள் வேறு ஒன்றை வாங்கி, அதே அம்பில் பூட்டி, அதே மாதிரி எரித்துக்கொண்டு வருகிறார்கள்.

முதலில் அந்த வாட்ஸ் கணக்கை விளங்கிக்கொள்ளுங்கள். பொக்ஸின் பின்னால் 100 வாட்ஸ் என்று எழுதியிருப்பது அது தரும் சத்தத்தின் அளவு இல்லை. பாட்டு ஓடும்போது அது தாங்கக்கூடிய சுமை. அந்தச் சுமையிலும் பெரும்பங்கு வூஃபருக்குத்தான் போகும், ஏனென்றால் பாட்டின் பலம் கீழ்ச்சுருதியில்தான் இருக்கிறது. ட்வீட்டருக்கு வழமையாகப் போவது சில வாட்ஸ் மட்டும். அந்தக் கணக்கை நம்பித்தான் அவ்வளவு மெல்லிய கொயிலைச் சுற்றுகிறார்கள்.

30 வாட்ஸ் அம்ப் ஒன்று 30 வாட்ஸ் வரைதான் சுத்தமாகத் தரும். அதற்கு மேல் குமிழைத் திருப்பினால் பாட்டு அலையின் தலையும் அடியும் வெட்டுப்படும். கிளிப்பிங் என்பது இதைத்தான். கீழ்ச்சுருதி வெட்டுப்பட்டு அப்படியே நின்றுவிடும், மேல்ச்சுருதியோ குமிழைத் திருப்பத் திருப்ப ஏறிக்கொண்டே போகும். வெட்டுப்பட்ட அலை புதிதாகப் பிறப்பிக்கும் கூர்மையான ஒலிகளும் அதோடு சேர்ந்து ட்வீட்டருக்கே போகும். முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட அலையில் சுத்தமான அலையைவிட இரண்டு மடங்கு சக்தி இருக்கிறது. 30 வாட்ஸ் என்று எழுதிய அம்ப் 60 வாட்ஸுக்குக் கிட்டக் கொட்டிக்கொண்டிருக்கும், அதுவும் மணித்தியாலக் கணக்காக. கொயில் வேகாமல் என்ன செய்யும்?

பேஸ் (கீழ்ச்சுருதி) குமிழையும் முழுக்கத் திருப்பி வைப்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். பேஸை 10 டெசிபல் கூட்டினால் அந்த இடத்தில் அம்பிடம் பத்து மடங்கு வாட்ஸ் கேட்கிறீர்கள். 3 வாட்ஸில் சுகமாக ஓடிக்கொண்டிருந்த அம்ப் ஒரே திருப்பலில் தன் எல்லையில் முட்டிக்கொள்ளும். வொலியூம் குமிழ் பாதியில்தானே நின்றது என்று சொல்லாதீர்கள். குமிழ் நிற்கும் இடத்தை வைத்து வாட்ஸை அறிய முடியாது. போனில் இருந்து வரும் சிக்னல் பலமாக இருந்தால் பாதிக்கு முன்னமே அம்ப் முட்டிவிடும். குமிழை விட்டுவிட்டுக் காதை நம்புங்கள். பாடகரின் "ச" எழுத்து சீறத் தொடங்கினால், தவிலின் அடி ஒவ்வொன்றாகக் கேளாமல் ஒன்றோடொன்று கலங்கினால், உடனே குறையுங்கள்.

வாட்ஸ் கூடினால் சத்தமும் அதே அளவு கூடும் என்ற எண்ணமும் பிழை. 30 வாட்ஸை 60 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 1990க்குப் பிறகு குடாநாட்டில் கரன்ட் இல்லாத ஆண்டுகளில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். அந்த டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட்ஸ். முற்றத்தில் சுற்றி இருந்த எல்லோருக்கும் செய்தி கேட்டது. 1000 வாட்ஸ், 2000 வாட்ஸ் என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்து விற்கும், ஒரு கணத்து உச்சத்தை மட்டும் சொல்லும் பி.எம்.பி.ஓ. கணக்கைத் தயவு செய்து பார்க்காதீர்கள். தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸைச் சொல்லும், ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள்.

அதைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது, கடையில் அதை ஒருவரும் கேட்பதில்லை. அதுதான் சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்தால் 1 மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது. கெஃப் எல்.எஸ்.50 என்ற புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு அதன் நிறுவனம் சொல்வது 85. கிளிப்ஷ் ஆர்.பி.600எம்முக்கு அதன் நிறுவனம் சொல்வது 96. இந்தக் கணக்குப்படி கிளிப்ஷ் 1 வாட்டில் தரும் சத்தத்துக்குக் கெஃப் 12 வாட்ஸுக்கு மேல் கேட்கும். கோயில் திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் சின்ன அம்பிலேயே அடுத்த ஊருக்குக் கேட்பதும் இதனால்தான், அதன் சென்சிட்டிவிட்டி 100ஐத் தாண்டும். அந்தச் சத்தத்துக்குப் பழகிய காதோடு 5 அங்குல வூஃபர் உள்ள பெட்டியிடம் போய் அதே வேலையைக் கேட்கிறோம். வீட்டு விசேஷத்துக்கு வாடகைக்கு சவுண்ட் செற் எடுங்கள். புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஏழெட்டுப் பேர் இருந்து பாட்டுக் கேட்பதற்கு.

இனி அபிப்பிராயங்கள். கிளிப்ஷ் வைத்திருப்பவர்கள் "உயிரோட்டமாக இருக்கும்" என்று பாராட்டுவார்கள், சிலர் "மேல்ச்சுருதி காதைக் குத்துகிறது" என்பார்கள். எல்.எஸ்.50 வைத்திருப்பவர்கள் குரல் தெளிவைச் சொல்லி மாளமாட்டார்கள், ஆழமான பேஸ் போதாது என்றும் சேர்த்துச் சொல்வார்கள். 1980களில் இருந்து வரும் வார்ஃப்டேல் டயமண்ட் வரிசையை "மென்மை" என்பார்கள், அதையே இன்னொருவர் "மந்தம்" என்பார். அம்ப் உள்ளேயே இருக்கும் எடிஃபையர் ஆர்1280ரீயை, இரண்டும் சேர்த்து 42 வாட்ஸ்தான், மேசையில் வைத்துக் கேட்பவர் புகழ்வார், பெரிய ஹோலில் வைத்தவர் குறை சொல்வார். இவர்கள் ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் அறையைக் கேட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பற்றிப் பேசுகிறார்கள்.

லண்டனில் இருக்கும் மச்சான் "அந்தமாதிரி" என்று சொன்னதை வாங்கி, கொக்குவிலில் வைத்துவிட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். மச்சானின் அறையில் தரை முழுக்கக் கம்பளம், யன்னலுக்குத் தடித்த திரை, துணி போர்த்த சோஃபா. இங்கே புது வீடு என்றால் பளிங்கு மாதிரி டைல்ஸ், பூசிய வெறும் சுவர், மேலே உயரமான கூரை. உங்கள் ஹோலின் நடுவில் நின்று ஒருதரம் கைதட்டிப் பாருங்கள். கணீரென்று இழுத்துக்கொண்டு போகிறதா? அங்கே எந்த ஸ்பீக்கரை வைத்தாலும் குரல் கலங்கும், மேல்ச்சுருதி குத்தும். ஒரு பாயோ கம்பளமோ விரித்து, பின்சுவர் யன்னலுக்குத் திரை போட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். பலருக்கு அதோடு பிரச்சினை தீர்ந்துவிடுகிறது, என்னிடம் வர வேண்டிய தேவையே இல்லை.

அடுத்தது சோகேஸ். புக்‌ஷெல்ஃப் என்று பெயர் இருப்பதால் கண்ணாடி சோகேசுக்குள், கிண்ணங்களுக்கும் வெற்றிக்கேடயங்களுக்கும் நடுவில் தள்ளி வைக்கிறார்கள். பின்பக்கம் துவாரம் உள்ள பொக்ஸ் மூச்சு விட இடம் வேண்டும். பின்சுவரில் இருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள். மூலைக்குள் வைத்தால் பேஸ் ஊதிப்போய்க் குரலை மூடும். ட்வீட்டர் உங்கள் காது மட்டத்துக்கு வர வேண்டும். உறுதியான இரண்டு ஸ்டூல் போதும். இரண்டு பொக்ஸுக்கும் இடையில் எவ்வளவு தூரமோ, ஏறத்தாழ அவ்வளவு தூரத்தில் நீங்கள் இருங்கள்.

"பேஸே இல்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது வயரை. ஒரு பொக்ஸில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், பேஸ் ஒன்றையொன்று அழித்துவிடும். வயரை மாற்றிப் பூட்டினால் சரி. வயர் நுனியில் ஒரு நார் வெளியே நீட்டிக்கொண்டிருந்து மற்றதில் முட்டினாலும் அம்ப் போகும், முறுக்கிப் பூட்டுங்கள். 8 ஓம்ஸ் என்று போட்ட அம்பில் 4 ஓம்ஸ் பொக்ஸையோ, ஒரே வாயில் இரண்டு சோடியையோ கொழுவ வேண்டாம்.

கனடாவில் இருந்து வரும் பெட்டிகளைப் பற்றி நான் கெஞ்சித்தான் கேட்க வேண்டும். அங்கே 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். அம்ப் உள்ளே இல்லாத, வெறும் ஸ்பீக்கர் வயர் மட்டும் பூட்டும் பொக்ஸ் என்றால் பயமில்லை, எந்த நாட்டில் இருந்தும் வரலாம். கரன்ட் வயரோடு வருகிற அக்டிவ் ஸ்பீக்கர் என்றால் பின்னால் எழுதியிருப்பதை வாசிக்காமல் சொக்கற்றில் கொழுவாதீர்கள். 100–240 என்று இருந்தால் கொழுவலாம். 120 என்று மட்டும் இருந்தால் கொழுவிய உடனேயே போய்விடும். தட்டைக்கால் பிளக்குக்கு ஒரு அடப்ரர் வாங்கிப் பூட்டிவிட்டு "அடப்ரர் போட்டனாங்கள்தானே" என்று வந்து நிற்கிறார்கள். அடப்ரர் பிளக்கின் காலை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது. 230ஐ 120 ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று வேண்டும், அதுவும் ஸ்பீக்கர் எடுக்கும் வாட்ஸைவிட இரண்டு மடங்காவது தாங்கக்கூடியதாக. அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50 என்பதால் உள்ளே இருக்கும் பழைய வகை ட்ரான்ஸ்ஃபோமர் கொஞ்சம் கூடவே சூடாகும். நாள் முழுக்க ஓன் பண்ணி வைக்க வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள், அனுப்ப முன் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். அண்ணன் மிச்சம் பிடித்து, கப்பல் கூலி கட்டி அனுப்பிய சாமானை முதல்நாளே புகைய விட்டுவிட்டு அம்மா கலங்கி நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை.

மின்னல் காலத்தில், முக்கியமாக ஐப்பசி, கார்த்திகையில், பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை ஓஃப் செய்வது போதாது. பின்துவாரத்தால் பல்லி உள்ளே போய் அம்ப் போர்ட்டில் ஷோர்ட் ஆகி வருவது இங்கே சாதாரணம். பாவிக்காத நாட்களில் ஒரு மெல்லிய நுளம்புவலைத் துண்டைத் துவாரத்தில் கட்டிவிடுங்கள், கேட்கும்போது எடுத்துவிடுங்கள். பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் கடற்கரை ஓரம் இருப்பவர்கள் வயர் பூட்டும் இடங்களை இடைக்கிடை பார்க்க வேண்டும். பச்சை பிடித்திருந்தால் சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள்.

வாங்க முன் பத்துப் பேரிடம் கேளுங்கள், பிழையில்லை. ஆனால் "எப்பிடி, நல்லமோ?" என்பதோடு நிற்காதீர்கள். எந்த அம்பில் போடுகிறார், அறை எவ்வளவு பெரிது, தரையில் என்ன, எவ்வளவு தூரத்தில் இருந்து கேட்கிறார், என்ன பாட்டு என்று கேளுங்கள். இவை உங்களுடையவற்றோடு ஒத்துப்போகிறவரின் சொல்லை மட்டும் எடுங்கள். கடைக்குப் போகும்போது அவர்கள் போடும் பாட்டைக் கேட்டு மயங்க வேண்டாம், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கொண்டுபோங்கள். நான் சொல்வது தவில். தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தியின் பழைய பதிவு ஒன்று இருந்தால் நல்லது. கூடு போட்ட விரல் தவிலின் வலது பக்கமான வலந்தலையில் விழும் கூரும், கழி இடது பக்கமான தொப்பியில் விழும் கனமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அது கேட்டால் மிச்சம் எல்லாம் கேட்கும்.

ட்வீட்டர் போய்விட்டால் ஏதோ ஒன்றை வாங்கி ஒட்டாதீர்கள். ஓம்ஸும் சென்சிட்டிவிட்டியும் பொருந்தாவிட்டால் இரண்டு பக்கமும் இரண்டு விதமாகப் பாடும். பழைய பொக்ஸில் வூஃபரின் ஓரத்து ஃபோம் உதிர்ந்து கொட்டுகிறதா? பதினைந்து, இருபது வருடத்தில் அது உதிரத்தான் செய்யும், றப்பர் என்றால் கூடக் காலம் நிற்கும். அதற்காகக் குப்பையில் போட வேண்டாம், ஃபோமை மட்டும் மாற்றலாம். உதிரத் தொடங்கியதும் பாட்டுப் போடுவதை நிறுத்திவிட்டுக் கொண்டுவாருங்கள், கொயில் உரசிப் போக முன்.