பதினோரு மாத அக்ரிமென்ட் போதுமா?

வாடகைப் பிரச்சினை என்று வரும் வீட்டு உரிமையாளர்களிடம் நான் முதலில் கேட்பது ஒப்பந்தப் பத்திரத்தைத்தான். பெரும்பாலும் 20 ரூபாய் முத்திரைத்தாளில் அடித்த 11 மாத அக்ரிமென்ட் வெளியே வரும். அதன் காலம் முடிந்தே நாலைந்து வருடம் ஆகியிருக்கும். “பதினோரு மாசம்தானே சார், பதிய வேண்டாமே?” என்பார்கள்.

அது பதிவுச் சட்டத்தின் கணக்கு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால் ஒரு மாதம் குறைத்து எழுதும் பழக்கம் வந்தது. தமிழ்நாட்டில் 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு கிடையாது. எத்தனை மாதத்துக்கு எழுதினாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதியாத பத்திரத்தைச் சான்றாக ஏற்க முடியாது என்கிறது 4ஏ பிரிவு. வாடகை பாக்கிக்கு வழக்குப் போடும் நாளில்தான் பலருக்கு இது உறைக்கிறது.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருவோம். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சண்டை வருவது இந்தக் கழிவில்தான். “பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை” என்று பிடிப்பது நம் ஊர் வழக்கம். ஆனால் வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, குழாய், வயரிங் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு என்றே சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. டேப், வாஷர், சுவிட்ச், சாக்கெட், சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவர் பாடு. இதை மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது, எழுத்தில் இருந்தால் மட்டும். ‘வாயால் சொன்னேனே’ என்பது எடுபடாது.

சரி, வாடகையே தரவில்லை என்றால்? இரண்டு மாத பாக்கி சேர்ந்தால் நோட்டீஸ் அனுப்பலாம். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்றும் மனு போடலாம். அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டாலும் மனு போடலாம். நோட்டீஸ் அனுப்பப் பொறுமையில்லாமல் தண்ணீர் மோட்டாரை நிறுத்துகிறவர்கள், மெயின் சுவிட்சைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. அந்த நிமிடமே புகார் கொடுக்கும் இடத்துக்குக் குடியிருப்பவர் போய்விடுகிறார்; பாக்கி வைத்தவர் அவர் என்பது பின்னால் போய்விடும். தண்ணீரையும் கரண்டையும் உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்ல வாடகை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

சொந்த வீட்டுக்குள்ளேயே ஆனாலும், பார்வையிடப் போகும்முன் 24 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும்.

அப்புறம், அந்தப் பன்னிரண்டு வருடப் பயம். “அதற்கு மேல் இருந்தால் வீடு அவருக்கே ஆகிவிடுமாமே?” வாடகைக்கு வந்தவர் உங்கள் அனுமதியோடு இருக்கிறவர். அந்த உறவு நீடிக்கும்வரை எத்தனை வருடம் போனாலும் வீடு அவருக்குச் சொந்தமாகாது. அவர் வாடகைதாரர்தான் என்று காட்ட ஆதாரம் மட்டும் இருக்கட்டும்: மாதாமாதம் ரசீது கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வாடகையை வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள்.