விடுப்பு விண்ணப்பமும் பணிப்பற்றும்

பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் ஒருவர் 21 நாள் அறிமுகப் பயிற்சிக்குச் செல்ல அனுமதி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு துறைத் தலைவர், ‘வகுப்புகளை யார் எடுப்பது?’ என்று சலித்துக்கொண்டு, விண்ணப்பத்தை இரண்டு வாரம் கிடப்பில் போட்டுவிட்டுக் கையெழுத்திடுகிறார். இன்னொருவரோ அன்றைக்கே கால அட்டவணையைத் திருத்தி, இரண்டு வகுப்புகளைத் தாமே ஏற்றுக்கொண்டு அனுப்பிவைக்கிறார். கற்பது ஒன்றேயானாலும், போய்வந்தவர் தம் பல்கலைக்கழகத்தைப் பற்றி நினைப்பது இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்காது.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, கனடாவின் உளவியலாளர்கள் ஜான் மேயரும் நடாலி ஆலனும் பணிப்பற்றைப் பற்றி 1991இல் முன்வைத்த பகுப்பு உதவும். ஊழியர் ஓரிடத்தில் நிலைத்திருப்பதற்கு, அங்கே இருக்க விரும்புவது, விட்டுப்போனால் இழப்பு என்று அஞ்சுவது, இருப்பது கடமை என்று உணர்வது ஆகிய மூன்று காரணங்கள் உண்டென்றும், ஒருவரிடமே இம்மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும் என்றும் அவர்கள் கூறினர். தாமாக முன்வந்து கூடுதல் பொறுப்பேற்பதோடு பெரிதும் தொடர்புடையது விருப்பமே.

அந்த விருப்பம் எங்கிருந்து வருகிறது? ‘நிறுவனம் என்னை மதிக்கிறது, என் நலனில் அக்கறை கொண்டுள்ளது’ என்று ஊழியர்கள் பொதுவாக ஒரு கணிப்பை உருவாக்கிக்கொள்கிறார்கள் என்பதை உளவியலாளர் ராபர்ட் ஐசன்பெர்கரும் உடன் ஆய்வாளர்களும் 1986இல் விளக்கினர். விதியின் கட்டாயத்தால் கிடைத்ததைவிட, நிறுவனம் தானாக மனமுவந்து செய்த உதவியே இக்கணிப்பில் அதிகம் எடைபெறுகிறது.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, முனைவர் பட்டம் பெற்ற உதவிப் பேராசிரியர் நான்கு ஆண்டுப் பணிக்குப் பின் அடுத்த நிலைக்கு உயர, மற்ற தகுதிகளோடு இந்த 21 நாள் பயிற்சியும் வேண்டும். பயிற்சி நிபந்தனையாகிவிட்டபின் அதை யாரும் அக்கறையின் அடையாளமாகப் பார்ப்பதில்லை. அனுமதி தரும் விதத்தில்தான் அக்கறை தெரிகிறது. படிப்பு விடுப்பில் சென்றவர் திரும்பிவந்து குறைந்தது மூன்றாண்டு பணியாற்ற வேண்டும் என்ற பிணைப்பத்திரமும் ஆளை நிறுத்துமே தவிர, மனத்தை நிறுத்தாது.

‘பயிற்சி கொடுத்தால் வேறிடம் போய்விடுவார்களே’ என்ற அச்சம் நிர்வாகங்களுக்கு உண்டு. அது பொய்யன்று, பட்டமும் ஆய்வுக் கட்டுரைகளும் எங்கும் செல்லுபடியாகும். ஆனால் கற்றதைப் பயன்படுத்த ஓர் ஆய்வகமோ புதிய பாடமோ உயர்பதவியோ உள்ளேயே காத்திருந்தால், வெளியே பார்க்கும் தேவை குறைகிறது.

ஆசிரியரல்லாத பணியாளர்களுக்கு இந்தப் பதவி உயர்வு ஏணியே குட்டை. தேர்வுப் பிரிவு எழுத்தர் புதிய மென்பொருளைத் தாமே தட்டுத்தடுமாறிக் கற்று, பழைய இருக்கையிலேயே அமர்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு வாரப் பயிற்சியும் பிரிவு மாற்றமும் தருவதற்கு எந்த விதியும் திருத்தப்பட வேண்டியதில்லை.