மாம்பழத்துக்கு எத்தன கைதட்டு?

ஊரே வெயிலுக்கு பயந்து ஏற்காட்டுக்கு மலையேறுற மே மாசத்துல, எங்க அக்கா பொண்ணு மட்டும் மலையிலேர்ந்து இறங்கி சேலத்துக்கு லீவுக்கு வந்தா. யூகேஜி முடிச்சவ. அ-லேர்ந்து ஃ வரைக்கும், க-லேர்ந்து ன வரைக்கும் மூச்சு விடாம ஒப்பிப்பா, கேக்கறவங்க அசந்துடுவாங்க. ஆனா ஒரு பேப்பர்ல 'மரம்'னு எழுதி காட்டினா முழிப்பா. எழுத்து எல்லாம் தெரியுது, படிக்க மட்டும் வரல, இது எப்படி மாமா சாத்தியம்னு அக்கா வீட்டுக்காரர்கிட்ட நான் கேக்க, அவர் "கவனம் பத்தல"ன்னு முடிச்சுட்டாரு. எனக்கு அது ஒப்பல.

எங்க ஏரியா கிளை நூலகத்துல கோடை லீவுக்கு சனிக்கிழம சனிக்கிழம சின்ன பசங்களுக்கு ஏதோ நடத்தறாங்கன்னு கேள்விப்பட்டு கூட்டிட்டு போனேன். அங்க வாலன்டியரா வந்திருந்த ஒரு அக்கா கரும்பலகை பக்கமே போகல. பையிலேர்ந்து ஒரு மல்கோவா மாம்பழத்த எடுத்து நடுவுல வச்சாங்க. "இதோட பேர கைதட்டி சொல்லுங்க பாக்கலாம்"னாங்க. பசங்க மாம்-ப-ழம்னு மூணு தட்டு தட்டினாங்க. அடுத்து சே-லம், ரெண்டு. கொ-லு-சு, மூணு. ஏற்-கா-டு, மூணு. முக்கால் மணி நேரம் இதேதான். பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அப்பா "இதுக்கா வண்டிய எடுத்துட்டு வந்தேன்"னு முணுமுணுத்தாரு, உண்மைய சொன்னா அப்ப நானும் அதேதான் நெனச்சேன்.

வீட்டுக்கு வந்து இதப்பத்தி தேடி படிக்க ஆரம்பிச்சப்பதான் அந்த கைதட்டுதான் மொத்த விஷயத்துக்கும் வாசல்னு புரிஞ்சுது.

1974-ல இசபெல் லிபர்மன்னு ஒரு அமெரிக்க உளவியலாளரும் அவங்க கூட இருந்தவங்களும் ஒரு எளிமையான சோதனை பண்ணாங்க. சின்ன பசங்க கையில ஒரு குச்சிய குடுத்து, ஒரு சொல்லுல எத்தன அசை (நம்ம பசங்க கைதட்டின மாதிரி துண்டு) இருக்கோ அத்தன தடவ மேசையில தட்ட சொன்னாங்க. இன்னொரு குழுவ எத்தன தனி ஒலி (க், ஆ மாதிரி) இருக்கோ அத்தன தடவ தட்ட சொன்னாங்க. நாலு வயசு பசங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேர் அசைய சரியா தட்டினாங்க, தனி ஒலிய ஒருத்தர்கூட தட்டல. ஒண்ணாம் வகுப்பு முடியும்போது அசைக்கு 90 சதவீதம் பேர், ஒலிக்கு 70 சதவீதம் பேர். அவங்க எல்லாம் இங்கிலீஷ் பேசற பசங்கங்கறத ஞாபகம் வச்சுக்கணும், ஆனா அடிப்படை எல்லா மொழிக்கும் ஒண்ணுதான்: பேச்சு நம்ம காதுல ஒரே ஓட்டமா ஓடற தண்ணி மாதிரி விழுது, அத துண்டு துண்டா நறுக்க தெரிஞ்சாதான் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எழுத்த ஒட்ட முடியும். நறுக்கவே தெரியாத குழந்தைக்கு எழுத்து வெறும் படம்தான். அக்கா பொண்ணுக்கு இருந்த பிரச்சன இதுதான், அவகிட்ட எழுத்து இருக்கு, ஒட்டறதுக்கு துண்டு இல்ல.

தமிழ் எழுத்து அசை, தனி ஒலி இந்த ரெண்டுக்கும் நடுவுல உக்காந்திருக்கு. 'கா'ங்கறது ஒரே எழுத்து, ஆனா உள்ள க், ஆன்னு ரெண்டு ஒலி. கொலுசுக்கு மூணு தட்டு, மூணு எழுத்து, கணக்கு சரியா வருது. மாம்பழத்துக்கு தட்டு மூணு, எழுத்து அஞ்சு. மா, ம், ப, ழ, ம். எங்கேர்ந்து வந்துச்சு அந்த கூடுதல் ரெண்டு? புள்ளி வச்ச எழுத்துங்க. 'மாம்'னு ஒரே தட்டுல போறத 'மா'ன்னும் 'ம்'முன்னும் ஒடைக்க காது பழகணும், அங்கதான் குழந்தைங்க மொத தடவ ஒரு தனி ஒலிய கையில பிடிக்கறாங்க. நாலாவது சனிக்கிழம அந்த அக்கா பண்ணது இதத்தான், தட்டுக்கு ஒரு புளியங்கொட்ட வைக்க சொல்லி, அப்பறம் வாய மூடி முடியற எடத்துல எல்லாம் இன்னொரு சின்ன கொட்டைய வைக்க சொன்னாங்க. மூணு கொட்ட அஞ்சாச்சு. தொல்காப்பியம் மெய்யெழுத்துன்னா புள்ளியோட நிக்கும்னு அப்பவே சொல்லி வச்சிருக்கு, ஒலிய உயிர் மெய்னு பிரிச்சு பாத்த அந்த ஆளுங்களோட வேலைய நம்ம அஞ்சு வயசு குழந்த புளியங்கொட்டையில திரும்ப பண்ணுதுன்னு நெனச்சா ஒரு மாதிரி புல்லரிக்குது.

247 எழுத்து இருக்கே, அத்தனையும் மனப்பாடமான்னு கேக்கறவங்களுக்கு: இல்ல. 12 உயிர், 18 மெய், ரெண்டும் சேர்ந்து 216, கூட ஆய்தம். கால், கொம்பு மாதிரி குறிய புரிஞ்சுக்கிட்டா பெருசா குறையும். ஆனா அந்த குறியிலயும் வம்பு இருக்கு. கு, சு, டு, து, மு எல்லாத்துலயும் இருக்கறது ஒரே 'உ'தான், ஆளுக்கொரு வால். 'சேலம்'னு எழுதணும்னா காதுக்கு மொதல்ல கேக்கறது ச், ஆனா கை மொதல்ல போட வேண்டியது ஏகாரத்தோட கொம்பு. 'கொ'வுல இன்னும் மோசம், ஒரே ஒலிக்கான குறி எழுத்துக்கு முன்னாடி பாதி, பின்னாடி பாதி. நம்ம பாப்பா ரெண்டு வாரம் 'சலேம்'னு எழுதிட்டு இருந்தா, அது தப்புன்னு எனக்கு தோணவே இல்ல, காதுல கேட்ட வரிசையில எழுதறா, அவ்வளவுதான். இதுல பாட்டி வேற, 1978-ல எழுத்து சீர்திருத்தம் வந்ததுக்கு முன்னாடி படிச்சவங்க, யானத் தும்பிக்க மாதிரி 'லை' போட்டு காட்ட, பாப்பா அது ஏதோ படம்னு கலர் அடிச்சுட்டா.

அதே மாதிரி 'மாம்பளம்'. நம்ம ஊர்ல வாய்ல ழகரம் எங்க வருது, பளம், மளை, வாளைப்பளம்தான். குழந்த 'ள' போட்டு எழுதினா சேலத்து பேச்ச துல்லியமா எழுதியிருக்குன்னு அர்த்தம். ழகரத்த காதால கண்டுபிடிக்க வழியே இல்ல, அந்த சொல்ல கண்ணால பல தடவ பாத்துதான் ஆகணும்.

கண்ணுன்னதும் மூளைக்கு வரேன். எழுத்து கண்டுபிடிச்சு சுமார் 5000 வருஷம்தான் ஆகுது, படிக்கறதுக்குன்னு ஒரு உறுப்பு வளர அது பத்தாது. ஸ்டானிஸ்லாஸ் டெஹான்ங்கற பிரெஞ்சு நரம்பியல் ஆராய்ச்சியாளர் சொல்றது என்னன்னா, முகம், பொருள் இதையெல்லாம் அடையாளம் காண ஏற்கெனவே இருந்த எடத்துல ஒரு ஓரத்த மூளை எழுத்துக்கு ஒதுக்குது, இடது பக்கம் கொஞ்சம் அடியில. வாடகைக்கு விட்ட மாதிரி. ஆனா பழைய குடித்தனக்காரன் பழக்கம் கொஞ்சம் ஒட்டிக்கிட்டே இருக்கும். புலி இடது பக்கம் பாத்து நின்னாலும் வலது பக்கம் பாத்து நின்னாலும் புலிதான், அதனால கண்ணாடியில திருப்பின உருவத்த ஒண்ணாவே பாக்கறது மூளையோட வழக்கம். இங்கிலீஷ் 'b'யையும் 'd'யையும் சின்ன எழுத்துல பசங்க மாத்தி மாத்தி போடறது இதனாலதான், வீட்டுல திட்டு வாங்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல.

இதுல நம்மள பத்தியே ஒரு ஆராய்ச்சி இருக்கறது எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. எரிக் பெடர்சன்னு ஒரு மொழியியலாளர் 2003-ல வெளியிட்டது. எழுதப் படிக்க தெரியாத தமிழர்கள், தமிழ் மட்டும் படிக்க தெரிஞ்சவங்க, தமிழும் இங்கிலீஷும் தெரிஞ்சவங்கன்னு மூணு பிரிவா எடுத்து, ஒரு உருவத்தையும் அதோட கண்ணாடி பிம்பத்தையும் வேற வேறன்னு பிரிச்சு பாக்கறாங்களான்னு பாத்தாரு. ரோமன் எழுத்தும் படிச்சவங்கதான் பிரிச்சாங்க, தமிழ் மட்டும் படிச்சவங்க கிட்டத்தட்ட படிக்காதவங்க மாதிரியே ஒண்ணுன்னு விட்டாங்க. காரணம் நேரா இருக்கு, தமிழ்ல ஒண்ண திருப்பி போட்டா இன்னொண்ணு ஆகற எழுத்து ஜோடி கிடையாது, அதனால மூளைக்கு அந்த பழைய பழக்கத்த விட வேண்டிய தேவையே வரல. நாம எந்த எழுத்த படிக்கறோமோ அது நாம பாக்கற விதத்தையே கொஞ்சம் மாத்தி வச்சிருதுன்னுதான் இதுக்கு அர்த்தம்.

சரி, துண்டு பண்ண தெரிஞ்சுது, எழுத்த ஒட்ட தெரிஞ்சுது, படிச்சுருவாளா? இங்கதான் தமிழுக்கே உரிய இன்னொரு பள்ளம். ஒரு நாள் பாப்பா 'இலை'ன்னு ஒவ்வொரு எழுத்தா கூட்டி அழகா படிச்சுட்டு, "இலைன்னா என்ன சித்தி?"ன்னா. நாள் பூரா வாழ எலையில சாப்பிடறவ. அவளுக்கு தெரிஞ்சது 'எல'. ஒடம்பு தெரியும், உடம்பு தெரியாது. கொரங்கு மரத்துலேர்ந்து குதிச்சுதுன்னா சிரிப்பா, குரங்கு மரத்திலிருந்து குதித்ததுன்னா அது டிவி நியூஸ் மாதிரி. படிக்கறதுங்கறது எழுத்துக்கூட்டறதும் மொழி புரியறதும் பெருக்கி வர்ற விடைன்னு 1986-ல கஃப், டன்மர்னு ரெண்டு பேர் ஒரு வாய்பாடு மாதிரி சொன்னாங்க, பெருக்கல்ங்கறதுதான் முக்கியம், ஒண்ணு பூஜ்ஜியம்னா விடை பூஜ்ஜியம். வீட்டு தமிழுக்கும் புத்தக தமிழுக்கும் இவ்வளவு தூரம் இருக்கற நம்ம மொழியில, குழந்த படிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே புத்தக தமிழ் காதுல விழுந்திருக்கணும். வேற எங்க விழும்? யாராவது புத்தகத்த பிரிச்சு சத்தமா படிச்சாத்தான் உண்டு.

இங்கிலீஷ்லயே இது பெரிய வித்தியாசம். 1988-ல ஹேய்ஸ், அஹ்ரன்ஸ்னு ரெண்டு பேர் எண்ணி பாத்ததுல, படிச்ச பெரியவங்க சாதாரணமா பேசிக்கறத விட பள்ளிக்கூட வயசு பசங்க புத்தகத்துல அரிய சொற்கள் அதிகம், ஆயிரம் சொல்லுக்கு 17 எங்க, 31 எங்க. எங்க வீட்டு பேச்ச எண்ணினா 'சாப்டியா', 'போன வை', 'கரண்ட் போச்சு' தாண்டி எத்தன தேறும்னு தெரியல.

நூலகத்து அக்கா கத படிக்கும்போது ஒரு பக்கம் முடிச்சதும் நிறுத்திருவாங்க. "இப்ப நரி என்ன பண்ணும்?", "இது என்னது?", "நீ மாரியம்மன் திருவிழாவுக்கு போனப்ப இப்படி கூட்டத்துல தொலஞ்சிருக்கியா?" குழந்த ஒரு சொல் சொன்னா அத புடிச்சு நீட்டி திருப்பி குடுப்பாங்க. "ஓடுச்சு"ன்னா "ஆமா, பயந்து காட்டுக்குள்ள ஓடுச்சு". வைட்ஹர்ஸ்ட்னு ஒருத்தர் 1988-ல இதே முறைய பெத்தவங்களுக்கு ஒரு மாசம் சொல்லிக் குடுத்து பாத்தாரு, சும்மா படிச்சு காட்டின வீடுகளோட ஒப்பிட்டா கத படிக்கற நேரம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், ஆனா கேள்வி கேட்டு படிச்ச வீட்டு குழந்தைங்க பேச்சுல முந்திட்டாங்க.

எழுதறத பத்தி சுருக்கமா. 2012-ல கரின் ஜேம்ஸோட ஆராய்ச்சி ஒண்ணு, இன்னும் படிக்க வராத அஞ்சு வயசு பசங்கள சில எழுத்துக்கள கையால எழுத வச்சு, சிலத கோட்டு மேல இழுக்க வச்சு, சிலத கீபோர்ட்ல தட்ட வச்சு, அப்பறம் மூளை ஸ்கேன்ல அந்த எழுத்துக்கள காட்டினாங்க. சொந்தமா எழுதின எழுத்துக்குத்தான் படிக்கற பகுதி நல்லா வேல செஞ்சுது. கோணலா எழுதறதுதான் லாபம், ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி வரும்போதுதான் எது மாறினாலும் அது 'அ'தான்னு மூளை கத்துக்குது. விஜயதசமிக்கு அரிசியில நாம குழந்த கைய புடிச்சு எழுத வைக்கறது சாமிக்கு, மறுநாள் அவளா மண்ணுல கிறுக்கறது மூளைக்கு.

லீவுல இதெல்லாம் எதுக்குன்னு அந்த முணுமுணுத்த அப்பாவுக்கு பதில் சொல்லணும்னா பார்பரா ஹெய்ன்ஸோட 1978 புத்தகத்த சொல்லலாம். அமெரிக்காவுல அட்லாண்டா நகரத்து பள்ளி பசங்கள வச்சு, பள்ளிக்கூடம் நடக்கற மாசம், கோடை லீவு ரெண்டையும் தனித்தனியா அளந்தாங்க. வசதி உள்ள வீட்டு பசங்களுக்கும் இல்லாத வீட்டு பசங்களுக்கும் இடைவெளி பெருசாறது முக்கியமா லீவுலதான். லீவுல பசங்க வளர்ச்சியோட பலமா சேர்ந்து வந்த பொது நிறுவனம் பொது நூலகம். நூலகத்துக்கு போற வீடே வேற மாதிரி வீடா இருக்கலாமேன்னு நீங்க கேட்டா நியாயமான கேள்வி. ஆனா செலவுன்னு பாத்தா நமக்கு கேள்வியே இல்ல, 1948-லயே நூலகச் சட்டம் வந்த மாநிலம் இது, வீட்டு வரி ரசீத எடுத்து பாருங்க, நூலக வரின்னு தனியா இருக்கும். காசு கட்டியாச்சு, போக வேண்டியதுதான் பாக்கி.

ஒரே ஒரு கொற. நவம்பர்ல நூலக வார விழான்னு 14-லேர்ந்து 20 வரைக்கும் நடக்கும்ல, அதுக்கு நான் போன ஒரு எடத்துல சின்ன பசங்களுக்கு வச்ச போட்டி என்னன்னா ஒப்பித்தல். மைக் முன்னாடி நடுங்கிக்கிட்டே ஒரு பையன் ஒப்பிச்சான், சுத்தியும் அலமாரி பூட்டியிருந்துச்சு.

லீவு முடிஞ்சு பாப்பாவ ஏற்காட்டுல விட பஸ்ல போனேன். அடிவாரம் தாண்டினதும் மொத போர்டு. "கொ... ண்... டை"ன்னு எழுத்துக்கூட்டறதுக்குள்ள பஸ் திரும்பிருச்சு. ரெண்டாவது வளைவுல 'ஊசி' கிடைச்சுது. மூணாவதுல "கொண்-டை ஊ-சி". டேவிட் ஷேர்னு ஒரு ஆராய்ச்சியாளர் சொல்ற சுயமா கத்துக்கற வழி இதுதான், ஒரு சொல்ல தானா எழுத்துக்கூட்டி ஒரு சில தடவ படிச்சுட்டா அந்த உருவம் அப்படியே பதிஞ்சிரும், அவர் ஹீப்ரு பசங்க கிட்ட பாத்ததுல நாலே தடவ போதுமானதா இருந்துச்சு. நமக்கு நெடுஞ்சாலைத்துறை 20 தடவ எழுதி வச்சிருக்கு. ஏழாவது வளைவுலேர்ந்து அவ கூட்டவே இல்ல, பாத்த ஒடனே "கொண்டை ஊசி வளைவு!"ன்னு கத்த ஆரம்பிச்சா. பன்னெண்டாவதுல போர்டு தெரியறதுக்கு முன்னாடியே கத்தினா, அது படிப்புல சேராது. பதினாலாவதுல வாந்தி.

மேல இறங்கினதும் ஏரிக்கர பக்கம் ஒரு கட போர்ட காட்டினேன். மறுபடி ஆமை வேகம். "ப..." அடுத்தத பாத்து நின்னுட்டா, அது 247-லயே இல்லாத எழுத்து, ஜ்-ன்னு நான்தான் சொன்னேன். "ப-ஜ்-ஜி". பல்லுப்பொடி 'ப' போட்டு படிச்சுட்டு மொறச்சு பாத்தா. அப்படி ஒரு சொல் இல்லயே. எண்ணெ வாசன வந்துச்சு.

"ஏய்! பஜ்ஜி!"