சிடி4 கருவி இல்லாத இடத்தில் லிம்ஃபோசைட் கணக்கு

சாதாரண ரத்தப் பரிசோதனை அறிக்கையை வைத்தே எச்.ஐ.வி. நோயாளியின் எதிர்ப்பாற்றலைச் சொல்லிவிட முடியாதா, சிடி4 என்று தனியாக ஒரு பரிசோதனை எதற்கு என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஓரளவு சொல்ல முடியும். எங்கே சொல்ல முடியும், எங்கே முடியாது என்பதுதான் சுவையான பகுதி.

எச்.ஐ.வி. குறிவைப்பது சிடி4 செல்களை. லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணு வகையைச் சேர்ந்த, நோய் எதிர்ப்பை வழிநடத்தும் செல்கள் இவை. நல்ல உடல்நிலையில் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் அவை ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினால் எதிர்ப்பாற்றல் குன்றிய நேரம் பார்த்துத் தாக்கும் சந்தர்ப்பவாத நோய்களின் ஆபத்து கூடிவிடும். இவற்றை எண்ண, ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை ஒட்டவைத்து லேசர் ஒளியில் பார்க்க வேண்டும். சாதாரணப் பரிசோதனைக்கு அதெல்லாம் வேண்டாம். வெள்ளை அணுக்கள் 5000, அதில் லிம்ஃபோசைட் 24 சதவீதம் என்றால், மொத்த லிம்ஃபோசைட் 1200. பெருக்கல் கணக்குதான்.

அந்த 24 சதவீதம் எப்படிக் கிடைக்கிறது? வாலஸ் கூல்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற முறை இன்றும் பல கருவிகளுக்கு அடிப்படை. ரத்தத்தை உப்புக் கரைசலில் கலந்து, மின்சாரம் பாயும் நுண்ணிய துளை வழியே உறிஞ்சுவார்கள். செல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே ஒவ்வொரு செல்லும் துளையைக் கடக்கும் கணத்தில் மின்தடை ஒருமுறை எகிறி இறங்கும். எத்தனை துடிப்போ அத்தனை செல்கள். துடிப்பின் உயரம் செல்லின் பருமன். வெள்ளை அணுக்களை எண்ணுமுன் சிவப்பணுக்களை ஒரு திரவத்தால் சிதைத்துவிடுவார்கள். அதே திரவத்தில் வெள்ளை அணுக்களும் சுருங்கும். லிம்ஃபோசைட் சிறிய துடிப்பு தரும், இன்னொரு வெள்ளை அணு வகையான நியூட்ரோஃபில் பெரிய துடிப்பு தரும். நிறமே ஏற்றாமல், பருமனை மட்டும் கொண்டு வகை பிரிக்கும் இந்த எளிமை எத்தனை முறை படித்தாலும் என்னை வியக்கவைக்கிறது.

ஆனால் லிம்ஃபோசைட்டுகளில் டி செல் என்ற பிரிவுக்குள் சிடி4-உம், தொற்றிய செல்களை அழிக்கும் சிடி8-உம் இருக்கின்றன. இரண்டும் ஏறத்தாழ ஒரே பருமன். துளைக்கு இரண்டும் ஒன்றுதான். எச்.ஐ.வி. தொற்றில் சிடி4 குறையக் குறைய சிடி8 பெருகுகிறது. மொத்த டி செல்களின் அளவைக் காப்பதில் உடல் பிடிவாதமாக இருக்கிறது, எந்த வகை குறைந்தது என்று அது பார்ப்பதில்லை என்பது ஒரு விளக்கம். விளங்குவதற்காக ஒரு கணக்கு: தொடக்கத்தில் சிடி4 900, சிடி8 500, மற்றவை 600, மொத்தம் 2000. சில ஆண்டுகள் கழித்து 400, 1050, 500, மொத்தம் 1950. சிடி4 பாதிக்கும் கீழே போய்விட்டது, அறிக்கையிலோ மாற்றமே இல்லை! நோய் முற்றும்போதுதான் சிடி8-உம் சரிகிறது: 120, 600, 280 என்று மொத்தம் 1000-க்கு வந்து நிற்கும்.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2003-இல் இந்த எண்ணை நிபந்தனையோடு ஏற்றது. சிடி4 பரிசோதனைக்கு வழியில்லாத இடத்தில், நோய்க்குறிகள் தென்பட்டவருக்கு மொத்த லிம்ஃபோசைட் 1200 அல்லது அதற்கும் கீழே இருந்தால் சிகிச்சையைத் தொடங்கலாம் என்றது. நோய்க்குறி இல்லாதவரிடம் இந்த எண்ணை நம்ப முடியாது. ஸ்டீராய்டு மருந்து இதை இறக்கும், வேறு வைரஸ் தொற்று ஏற்றும். குழந்தைகளுக்கு இயல்பிலேயே லிம்ஃபோசைட் அதிகம் என்பதால் அவர்களுக்கு வேறு அளவுகோல் தேவை.

2015 முதல், தொற்று உறுதியான எல்லோருக்கும் சிடி4 எவ்வளவு இருந்தாலும் சிகிச்சை என்பதே அந்த நிறுவனத்தின் பரிந்துரை. இதைக் காட்டி, இனி சிடி4 கருவிக்கு ஏன் செலவு என்று கேட்பவர்களோடு நான் உடன்படவில்லை. காலந்தாழ்ந்து, உடல் நலிந்து வருபவருக்குக் காசநோயும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சலும் இருக்கிறதா என்று உடனே தேட வேண்டும். அப்படித் தேடப்பட வேண்டியவர் யார் என்பதைச் சிடி4 சொல்கிறது.

லேகியம் சாப்பிட்டேன், லிம்ஃபோசைட் ஏறியது, எச்.ஐ.வி. குணமாகிறது என்று யாராவது அறிக்கையைக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். ஏறியது சிடி8-ஆக இருக்கலாம். வேறு தொற்றின் விளைவாகவும் இருக்கலாம். எச்.ஐ.வி.க்குத் தரும் கூட்டு மருந்து வேலை செய்கிறதா என்பதை அறிய ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவையே பார்க்க வேண்டும்.