ஐசோலேஷன்னா தனிமை இல்லீங்க

கொரோனா டைம்ல ஐசோலேஷன் வார்டு, ஐசோலேஷன் வார்டுன்னு கேட்டுக் கேட்டு அந்த வார்த்தைன்னாலே தனிமைப்படுத்தல்தான்னு மண்டைல ஏறிடுச்சு. அதையே ஐசோலேட்டட் டிசி டிசி கன்வெர்ட்டருக்கும் (ஒரு டிசி வோல்ட்டேஜ வேற டிசி வோல்ட்டேஜா மாத்துற சர்க்யூட், இன்புட்டும் அவுட்புட்டும் கம்பியால சேராது) போட்டு "தனிமைப்படுத்தப்பட்ட மாற்றி"ன்னு எழுதுனா, பாவம் அத 14 நாள் ரூம்ல பூட்டி வச்ச மாதிரி இருக்கு.

வேர் லத்தீன் இன்சுலா, அதாவது தீவு. இத்தாலியன், பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு ஐசோலேட் ஆகி வந்துச்சு. இன்சுலேஷனும் அதே வேர்தான், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. காயில் லேயருக்கு நடுவுல சுத்துற மஞ்ச டேப் இருக்குல்ல, அது இன்சுலேஷன், தமிழ்ல காப்பு. அந்தக் காப்பால ரெண்டு பக்கமும் கரண்ட் தொடர்பே இல்லாம நிக்குதே, அந்த நிலைமைதான் ஐசோலேஷன்.

தீவுன்னா நம்ம ஸ்ரீரங்கத்த நெனச்சுக்கோங்க, அரங்கம்னாலே ஆத்துக்கு நடுவுல இருக்குற திட்டுதான். பாலம் கட்டாத காலத்து அரங்கம், பரிசல் மட்டும் போகும். 12 வோல்ட் பேட்டரிலேர்ந்து 380 வோல்ட் எடுக்குற 1 கிலோவாட் புஷ்புல் சர்க்யூட்ல (ரெண்டு ஸ்விட்ச் மாறி மாறி பிரைமரியோட ரெண்டு அரையையும் ஓட்டும்) டிரான்ஸ்பார்மரோட பிரைமரி, அதாவது பேட்டரி பக்க காயில், அரைக்கு 2 சுத்து, செகண்டரி, அதாவது அவுட்புட் பக்க காயில், 80 சுத்து, பிரைமரில 90 ஆம்பியருக்கு மேல ஓடும், அதனால கம்பிக்குப் பதிலா செம்புத் தகடே சுத்துவாங்க. இவ்ளோ பவரும் ஃபெரைட் கோர்ல காந்தப்புலமாத்தான் அக்கரைக்குப் போகுது, ஒரு கம்பி கூடத் தொடாது.

நான் மொதல்ல செஞ்ச போர்டுல டிரான்ஸ்பார்மர அவ்ளோ பாத்துப் பாத்து சுத்திட்டு, அவுட்புட் வோல்ட்டேஜ் எவ்ளோன்னு ஸ்விட்சுகள கண்ட்ரோல் பண்ற எஸ்ஜி3525 ஐசிக்கு சொல்ல ரெண்டு ரெசிஸ்டர நேரா இழுத்து ரெண்டு கிரவுண்டையும் சேத்துட்டேன். மீட்டர வச்சா பீப்னு கத்துது! நானே பாலம் கட்டிட்டேன். அப்புறம் நடுவுல பிசி817 ஆப்டோகப்ளர் போட்டு, ஒளியா மட்டும் தகவல் போற மாதிரி மாத்துனேன்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? "தொடர்பு துண்டிப்பு"ன்னா பில்லு கட்டாதவன் வீட்டு ஃபியூஸ் புடுங்குன மாதிரி இருக்கு. "தீவாக்கம்"னு வச்சா அழகாத்தான் இருக்கும், ஆனா சோலார்காரங்க ஐலேண்டிங்னு வேற ஒண்ண சொல்றாங்க, குழம்பிடும். எனக்கு "மின்பிரிப்பு" சரியா படுது. ஸ்டெப் அப்புக்கு ஸ்கூல் புக்லயே ஏற்று மின்மாற்றின்னு இருக்கு, அதனால முழுசா சொன்னா மின்பிரிப்புள்ள ஏற்று நேர்மின் மாற்றி. கடைல மட்டும் ஐசோலேஷன்னே கேளுங்க, இல்லன்னா காயில் கடைக்காரர் முழிப்பாரு.