ஆசிரியர் இல்லாத பாடவேளைகளை யார் எண்ணுகிறார்கள்?

காலை ஆறரை மணிக்கு முன்னால் என் கைப்பேசி ஒலித்தால், எடுப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும். ஒரு ஆசிரியருக்குக் காய்ச்சல், அல்லது அவர் குழந்தைக்குக் காய்ச்சல். "சார், இன்னைக்கு வர முடியாது, மன்னிச்சுக்கோங்க" என்பார்கள். மன்னிப்புக் கேட்க அதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் கேட்பார்கள். தங்கள் பாடவேளைகள் யார் தலையில் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். உதவித் தலைமையாசிரியராக அந்தப் பாடவேளைகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் வேலையைப் பதினொரு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இதில் நான் கண்டது பெற்றோர்களுக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு பள்ளியைப் பற்றி விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது மாணவர் ஆசிரியர் விகிதம். 600 மாணவர்கள், 30 ஆசிரியர்கள், ஆக 20 பேருக்கு ஒருவர் என்று பதில் வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பள்ளியில் 20 பிரிவுகள் இருந்தால் ஒவ்வொரு வகுப்பறையிலும் 30 பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். நாளுக்கு 8 பாடவேளை என்றால் மொத்தம் 160. அதை 30 பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஐந்துக்குச் சற்று மேல். மீதமிருக்கும் இரண்டரைப் பாடவேளையைத்தான் வெளியே இருப்பவர்கள் 'ஃப்ரீ பீரியட்' என்கிறார்கள். நோட்டுத் திருத்துவதும், அடுத்த பாடத்துக்குத் தயாராவதும், பின்தங்கிய பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதும் அந்த நேரத்தில்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஆண்டுக்கு 200 பள்ளி நாட்கள். நோய், வீட்டுக் காரியம், பயிற்சி வகுப்பு, தேர்வுப் பணி எல்லாம் சேர்த்து ஒரு ஆசிரியர் 10 நாள் வகுப்பில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இது மிகையான எண்ணிக்கை அல்ல. 30 பேருக்கும் சேர்த்து 300 நாட்கள். அதாவது தினமும் சராசரியாக ஒன்றரை ஆசிரியர் இல்லை, 8 பாடவேளைகளுக்கு ஆள் தேட வேண்டும். நிரப்பப்படாத பணியிடம் இரண்டு இருந்தால் இன்னும் 10 பாடவேளை சேரும். காய்ச்சல் பரவும் வாரத்தில் எத்தனை என்று கேட்கவே வேண்டாம்.

நாளைக்கு வராமல் இருக்கப்போவது யார் என்று எனக்குத் தெரியாது. ஒருவராவது வரமாட்டார் என்பது நிச்சயமாகத் தெரியும். நிச்சயமாக நடக்கப்போகும் ஒன்றைக் கணக்கில் சேர்க்காமலே பணியிடங்களை முடிவு செய்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். எல்லா ஆசிரியரும் எல்லா நாளும் வருவார்கள் என்று நம்பி ஆட்களை நியமித்த பள்ளியில், காகிதத்தில் ஒரு காலியிடம்கூட இல்லாவிட்டாலும் முதல் நாளிலிருந்தே ஆள் பற்றாக்குறைதான்.

பிள்ளைகளுக்கு இதனால் என்ன ஆகிறது? அமெரிக்காவில் மில்லர், மர்னேன், வில்லெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர் 10 நாள் வராமல் போனால் மாணவர்களின் கணித மதிப்பெண் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல் சரிவதாகக் கண்டார்கள். ஒரு ஆண்டில், ஒரு வகுப்பில் இது சின்ன எண். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அதே பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும்போது அது சின்னதாக இருப்பதில்லை. நியூயார்க் நகரப் பள்ளிகளை வைத்து ஹெர்மனும் ராக்காஃபும் செய்த இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. நீண்ட விடுப்பைவிட ஓரிரு நாள் விடுப்பில்தான் ஒரு நாளுக்கு ஏற்படும் இழப்பு அதிகம் என்றது அது. என் அனுபவமும் அப்படியே. மூன்று மாத மகப்பேறு விடுப்பு என்றால் முன்கூட்டியே தெரியும், ஆள் தேடலாம், வருபவர் பிள்ளைகளின் பெயரையாவது கற்றுக்கொள்வார். திடீரென ஒரு நாள் வருபவருக்கு எது யாருடைய இடம் என்பதே தெரியாது. அன்று வகுப்பில் அமைதி இருக்கும், பாடம் இருக்காது.

வெளியிலிருந்து பதிலி ஆசிரியரைக் கூப்பிடலாமே என்பார்கள். கூப்பிடுகிறோம், கிடைப்பதில்லை. அவருக்கு நாள் கூலி. விடுமுறைக் காலத்தில் வருமானம் இல்லை. காலையில் அழைத்தால் ஒரு மணி நேரத்தில் வந்து நிற்க வேண்டும். அழைக்காவிட்டால் அன்று சம்பளமும் இல்லை. இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நிரந்தர ஆசிரியர் பற்றாக்குறை கூடும்போது பதிலிகளில் தகுதியுள்ளவர்களையெல்லாம் காலியிடங்களுக்கு எடுத்துக்கொள்வார்கள். அதாவது எப்போது பதிலி அதிகம் தேவையோ, சரியாக அப்போதுதான் பதிலிகள் தீர்ந்துபோகிறார்கள். 2030-க்குள் உலகம் முழுக்க இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவைப்படுவார்கள் என்கிறது யுனெஸ்கோ. அதில் பாதிக்கு மேல் வேலையை விட்டுப் போகிறவர்களின் இடத்தை நிரப்புவதற்காக. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பணியை விட்டுப் போகும் விகிதம் 2015-ல் ஆண்டுக்கு 4.6 விழுக்காடாக இருந்தது, 2022-ல் 9 விழுக்காட்டைத் தாண்டியது. மற்றவர் வகுப்புக்கும் சேர்த்து ஓடி ஓடிக் களைத்துப்போனவர்களும் அந்தக் கணக்கில் இருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆள் கிடைக்காதபோது என் கை எங்கே போகும் என்பதைச் சொல்லியாக வேண்டும். வகுப்பு எதுவும் பெயரில் இல்லாத ஆசிரியரிடம் போகும். பெரும்பாலான பள்ளிகளில் அவர் சிறப்புக் கல்வி ஆசிரியராகவோ நூலகராகவோ இருப்பார். அவர்களை எடுத்தால் எந்த வகுப்பும் காலியாகத் தெரியாது, எந்தப் பெற்றோரும் புகார் சொல்லமாட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சிறப்புக் கல்வி ஆசிரியரை ஏறக்குறைய இரண்டு வாரம் ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்பினேன். அவரிடம் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த ஒரு பையன், அத்தனை நாளும் அந்த அறை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். ஆசிரியர் மறுபடி வந்தபோது அவன் புத்தகத்தைத் திறக்க மறுத்துவிட்டான். பழைய இடத்துக்கு அவனைக் கொண்டுவர அவருக்கு ஒரு பருவம் பிடித்தது. அது என் முடிவு. அதற்குப் பிறகு அவருடைய அட்டவணையில் நான் கை வைப்பதில்லை.

பள்ளிக்குள்ளேயே செய்யக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பதிலிக் கோப்பு வைத்தோம். யார் எங்கே உட்காருவார்கள், யாருக்கு வலிப்பு வரும், யாருக்குக் காது சரியாகக் கேட்காது, பாடம் எதுவரை போயிருக்கிறது, அப்புறம் எந்த ஆசிரியர் வந்தாலும் நடத்தக்கூடிய ஒரு பாடவேளைக்கான வேலை. ஒரு மணி நேர வேலைதான் இது, பலன் பெரிது. இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் அடைப்பதைத் தவிர்க்கப் பார்க்கிறோம். 60 பேர் இருக்கும் அறையில் காவல் மட்டும்தான் நடக்கும்.

ஆனால் கோப்பு ஆளாகிவிடாது. உண்மையான தீர்வு, எந்த வகுப்பும் பெயரில் இல்லாத நிரந்தரப் பதிலி ஆசிரியர் ஒருவரை மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்வதுதான். தினமும் ஒன்றரை ஆள் குறைகிற இடத்தில் அவர் ஒரு நாளும் சும்மா உட்கார்ந்திருக்கமாட்டார். பிள்ளைகளுக்கு அவரைத் தெரிந்திருக்கும், அவருக்கும் பிள்ளைகளைத் தெரிந்திருக்கும். செலவு அதிகம் என்று நிர்வாகம் சொல்லும். எங்களிடமும் சொன்னார்கள்.

அதனால் பதிலி ஏற்பாட்டு நோட்டில் ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டேன். வராத ஆசிரியரின் பெயருக்குப் பக்கத்தில், எந்தப் பிரிவு எந்தப் பாடத்தை இழந்தது என்று எழுதத் தொடங்கினோம். ஒரு பருவம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது, ஏழாம் வகுப்பில் ஒரே பிரிவுக்கு மட்டும் அறிவியலில் 31 பாடவேளை போயிருந்தது. பக்கத்துப் பிரிவுக்கு 4. அந்தத் தாளை எடுத்துக்கொண்டுதான் மறுபடி நிர்வாகத்திடம் போனேன், பதிலி ஆசிரியர் ஒருவர் கிடைத்தார். பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் விகிதத்தைக் கேட்காதீர்கள். போன பருவத்தில் என் பிள்ளையின் வகுப்பில் எத்தனை பாடவேளைகளை அந்தப் பாடத்தின் ஆசிரியர் எடுக்கவில்லை என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால், இந்தப் பருவத்திலிருந்து எண்ணச் சொல்லுங்கள்.