ஸ்லைடு போடுவதற்கு முன்னால் லைப்ரரிக்கு வாருங்கள்

போன திங்கட்கிழமை லைப்ரரியைத் திறந்து நான் நாற்காலியில்கூட உட்காரவில்லை. கணிப்பொறித் துறையின் இளம் உதவிப் பேராசிரியை வந்து நின்றார். கையில் லேமினேட் செய்த சர்டிபிகேட். "மேடம், பாங்காக் போய் பேப்பர் ப்ரசென்ட் பண்ணிட்டு வந்தேன். ஸ்கோபஸ்ல எப்ப வரும்?"

ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் பட்டியலிடும் தரவுத்தளம். அதில் இடம்பெறுவதைத்தான் இண்டெக்ஸ் ஆவது என்கிறோம். இந்தக் கல்வியாண்டில் இதே கேள்வியோடு வந்தவர்களில் இவர் ஐந்தாவது ஆள். முதல் நால்வரிடமும் பக்குவமாகப் பேசினேன். இவரிடம் பேச முடியவில்லை, ஏனென்றால் அவருடைய பேப்பரை நான் படித்திருக்கிறேன். முதலாண்டு மாணவர்கள் மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தின் வினாடி வினாவில் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள், திரும்ப முயன்றவர்கள் செமஸ்டர் தேர்வில் என்ன ஆனார்கள் என்று இரண்டு செமஸ்டர் பொறுமையாகத் தொகுத்தது. நல்ல வேலை. அதைக் கொண்டுபோய் ஒரு ஹோட்டல் அறையில் கொட்டிவிட்டு வந்திருக்கிறார்.

பெயர் என்னவோ கல்வித் தொழில்நுட்பத்துக்கான பன்னாட்டு மாநாடு. அறையில் இருந்தது பதினோரு பேர். இவருக்கு முன்னால் பேசியவர் மீன்வளம், பின்னால் பேசியவர் எலும்பு மருத்துவம். ஆளுக்குப் பத்து நிமிடம், ஒரு கேள்விகூடக் கிடையாது. குரூப் போட்டோ, நினைவுப் பரிசு, மறுநாள் தீவுச் சுற்றுலா. ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 350 டாலர். டிக்கெட்டுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன். கல்லூரி கொடுத்தது ஓ.டி. (பணி நிமித்த விடுப்பு) மட்டும்.

"மெயில்லயே ஸ்கோபஸ் இண்டெக்ஸ்டுன்னு போட்டிருந்தாங்களே மேடம்."

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். தயவுசெய்து கேளுங்கள். மாநாட்டை ஸ்கோபஸ் இண்டெக்ஸ் செய்வதில்லை. மாநாடு நடந்து, கட்டுரைகள் தொகுக்கப்பட்டு, ஒரு பதிப்பகம் அதை ப்ரொசீடிங்ஸாக வெளியிட்ட பிறகுதான் அந்தத் தொகுதி உள்ளே போவதும் போகாததும். போன வருடத் தொகுதி உள்ளே இருந்தால் இந்த வருடத்தில் நம்பிக்கை வைக்கலாம், அவ்வளவே. வரும் டிசம்பரில் நடக்கப்போகும் மாநாட்டை இன்றைக்கே இண்டெக்ஸ் செய்துவிட்டோம் என்பவர், பிறக்காத பிள்ளைக்கு டி.சி. வாங்கித் தருகிறேன் என்பவர். எந்தெந்தத் தலைப்புகள் உள்ளே இருக்கின்றன என்ற பட்டியலை ஸ்கோபஸ் யாரும் காசில்லாமல் பார்க்கும்படி வைத்திருக்கிறது. பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். கடனை அடைக்க எத்தனை மாதம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"ஐ.எஸ்.பி.என். இருக்கு மேடம்" என்று அடுத்து வரும். இருக்கும். நம் நாட்டில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. சமையல் புத்தகத்துக்கும் அது உண்டு. அது புத்தகத்தின் அடையாள எண், தரச்சான்று அல்ல. "இம்பாக்ட் ஃபேக்டர் 7.8" என்று மாநாட்டு பேனரில் போட்டிருந்தால் அந்த நொடியே மெயிலை மூடுங்கள். அது ஆய்விதழ்களின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்று கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் கணக்கிடும் எண், மாநாட்டுக்கு அப்படி ஒன்று கிடையவே கிடையாது. ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் யு.ஜி.சி. கேர் பட்டியலை யு.ஜி.சி.யே (பல்கலைக்கழக மானியக் குழு) 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. எனக்கு நேற்றுக்கூட "யு.ஜி.சி. கேர் அங்கீகாரத்துடன்" என்று ஓர் அழைப்பு வந்தது.

மூன்று நாளில் "அக்செப்டட்" என்று பதில் வந்தால் பூரித்துப்போகிறீர்கள். நியூசிலாந்துப் பேராசிரியர் கிறிஸ்டோஃப் பார்ட்நெக் 2016இல் ஒரு வேலை செய்தார். ஐபோனில் "அட்டாமிக்", "நியூக்ளியர்" என்று தட்டிவிட்டு, அடுத்தடுத்து போன் நீட்டிய சொற்களையே தொட்டுத் தொட்டு ஒரு சுருக்கம் தயாரித்து, அமெரிக்காவில் நடக்கவிருந்த அணு இயற்பியல் மாநாடு ஒன்றுக்கு அனுப்பினார். மூன்று மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த மாநாட்டுக்குப் பின்னால் இருந்தது ஐதராபாத்தின் ஓமிக்ஸ் குழுமம். பொய் விளம்பரம் செய்ததற்காக அந்தக் குழுமம் 50.1 மில்லியன் டாலர் கட்ட வேண்டும் என்று 2019 மார்ச்சில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வராத அறிஞர்களை வருவதாகச் சொல்லி மாநாடுகளுக்கு ஆள் சேர்த்ததும் அந்த வழக்கில் ஒரு குற்றச்சாட்டு.

பெரிய பெயர் இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றும் சொல்லவில்லை. கணினி நிரல் உளறி எழுதிய 120க்கும் மேற்பட்ட கட்டுரைகளை பொறியாளர் அமைப்பான ஐ-ட்ரிபிள்-ஈயும் பதிப்பகமான ஸ்பிரிங்கரும் தங்கள் ப்ரொசீடிங்ஸிலிருந்து 2014இல் நீக்கின. பெயருக்கு அடியில் இருப்பதையும் பாருங்கள் என்கிறேன்.

எப்படிப் பார்ப்பது? மெயிலில் உள்ள லோகோவை நம்பாமல், பதிப்பகத்தின் சொந்தத் தளத்தில் அந்த மாநாடு இருக்கிறதா என்று தேடுங்கள். போன வருடத் தொகுதியில் மூன்று கட்டுரைகளைப் படியுங்கள். படிக்கச் சகிக்கவில்லை என்றால் அங்கே உங்களுக்கு என்ன வேலை? குழுவில் பெயர் போட்டிருக்கும் ஒருவருக்கு, அவருடைய பல்கலைக்கழக முகவரிக்கே இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். "என் பெயரா? எனக்கே தெரியாதே" என்று பதில் வந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒரே பெயரில் மாதாமாதம் ஊர் ஊராக நடந்தால் அது மாநாடு இல்லை, சர்க்கஸ்.

நல்ல மாநாடு எட்டாத உயரத்தில் ஒன்றும் இல்லை. கல்வித் தொழில்நுட்பத்துக்கென்றே ஐ-ட்ரிபிள்-ஈயின் டி-ஃபோர்-ஈ மாநாடு 2009இல் பெங்களூரில் தொடங்கியது. 2011இல் சென்னை ஐ.ஐ.டி.யிலேயே நடந்தது. ஆசிய பசிபிக் அளவிலான ஐ.சி.சி.ஈ. 2016இலும், ஐகால்ட் 2018இலும் மும்பை ஐ.ஐ.டி.க்கு வந்தன. இங்கெல்லாம் ரிவ்யூ கடுமையாக இருக்கும். திருப்பி அனுப்பினாலும் என்ன குறை என்று எழுதி அனுப்புவார்கள். அந்தத் தாளே உங்கள் காசுக்குப் பெறும். (பள்ளித் தாளாளர்கள் சிலர் லண்டனில் நடக்கும் 'பெட்' (Bett) நிகழ்வுக்குப் பேப்பர் அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். அது 1985 முதல் நடக்கும் வணிகக் கண்காட்சி. போகலாம், பார்க்கலாம். பார்த்த அன்றே ஸ்மார்ட் போர்டுக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.)

சரி, நல்ல மாநாடு, பேப்பரும் தேறிவிட்டது. இப்போதாவது ஒழுங்காகத் தயாராகுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு நாற்பது ஸ்லைடு எதற்கு? தமிழில் எதையாவது காட்டப் போகிறீர்கள் என்றால் யூனிகோடில் போட்டு பி.டி.எஃப். ஆக்கிக்கொள்ளுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஸ்லைடு அரங்கத்துக் கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாக விரிந்து, ஒருவர் பதினைந்தில் ஏழு நிமிடம் மன்னிப்பு கேட்டதை நேரில் கண்டிருக்கிறேன். செயலியை இயக்கிக் காட்ட அரங்கத்து வைஃபையை நம்பாதீர்கள். இரண்டு நிமிட வீடியோவாகப் பதிந்து பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா என்றால் பி1 விசா நேர்காணல் தேதிக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம், கேமரா ரெடி (கட்டுரையின் அச்சுக்கான இறுதி வடிவம்) அனுப்பிய பிறகு பாஸ்போர்ட்டைத் தேடாதீர்கள்.

முக்கியமான ஒன்று. மூடுல் திரையை அப்படியே படம் பிடித்து, மாணவர் பெயர், பதிவெண், மதிப்பெண் எல்லாவற்றையும் திரையில் போடுகிறீர்கள். முதலாண்டில் பதினேழு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், உங்கள் மார்க் ஷீட்டை யாராவது வெளியூர் மேடையில் காட்டினால் சும்மா இருப்பீர்களா? பெயரை அழியுங்கள்.

போகும் முன் நிகழ்ச்சி நிரலைப் படித்து, கேட்கவேண்டிய நான்கு உரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்வியாவது எழுதி எடுத்துப்போங்கள். உங்கள் உரை முடிந்ததும் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடும் பழக்கத்தை விடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த உதவிப் பேராசிரியையின் கட்டுரை இப்போது பாங்காக் மாநாட்டை நடத்திய அமைப்பின் இணையதளத்தில் பி.டி.எஃப். ஆகக் கிடக்கிறது. வேறு எங்கே அனுப்பினாலும் ஏற்கெனவே வெளியானது என்று திருப்பிவிடுவார்கள். எடுத்துவிடச் சொல்லி எழுதுங்கள் என்றேன், எழுதினார். முந்தாநாள் பதில் வந்தது. விலக்கிக்கொள்ளும் கட்டணம் 200 டாலர், ஏழு நாளுக்குள். கட்டிடலாமா மேடம் என்று கேட்டார். கட்டாதே என்று சொல்லி, அந்த மெயிலையும் பணம் கட்டிய ரசீதையும் ப்ரின்ட் எடுத்து கல்லூரி முதல்வர் அறைக்கு நானே கொண்டுபோனேன். அவர் நான்கு நாள் லீவாம். நாளை மறுபடியும் போக வேண்டும்.